பியாசோலாவின் நான்கு பருவங்கள்: முதன்முறையாகக் கேட்க உட்காருபவருக்கு

கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். வழிகாட்டியின் முதல் வரியே தடையுத்தரவா என்று கேட்கலாம், பட்டவன் சொல்கிறேன். நான் இந்த இசையை முதலில் அப்படித்தான் கேட்டேன், சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. இரண்டு வாரம் கேட்டும் ‘கொஞ்சம் சோகம், கொஞ்சம் வேகம், நல்ல வயலின்’ என்பதற்கு மேல் எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. பிறகு ஒரு நாள் நண்பர் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் அதே பதிவு ஓடியது. அடியில் யாரோ கனமான பீரோவைத் தரையோடு இழுத்து வந்து ‘தொம்’ என்று நிறுத்துவதுபோல் ஒரு சத்தம். இரண்டு வாரமாக என் காதில் விழாத சத்தம். டபுள் பாஸ், வயலின் குடும்பத்தில் மிகப் பெரிய, மிகத் தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம். டாங்கோ என்ற அர்ஜென்டின நடன இசை நிற்பதே அந்த இழுப்பின் மேல்தான்; என் கைப்பேசி அதை மட்டும் விழுங்கிவிட்டு மீதியை எனக்குப் பரிமாறியிருக்கிறது.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுமாரான ஹெட்போன் ஒன்று, அரை மணி நேரத் தனிமை, இவை போதும்.

எதைக் கேட்கப்போகிறோம்

அஸ்தோர் பியாசோலா 1921ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாத்தா என்ற கடற்கரை நகரில் பிறந்தவர். சிறு வயதின் பெரும்பகுதி நியூயார்க்கில் கழிந்தது. அங்கே அவருடைய தந்தை அடகுக்கடையில் வாங்கிக் கொடுத்த பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியம்தான் அவருடைய வாத்தியம் ஆனது. 1965க்கும் 1970க்கும் இடையில் அவர் நான்கு தனித்தனி டாங்கோக்கள் எழுதினார்: வெரானோ போர்த்தேஞோ, ஒத்தோஞோ போர்த்தேஞோ, இன்வியெர்னோ போர்த்தேஞோ, பிரிமவேரா போர்த்தேஞா. கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம். போர்த்தேஞோ என்றால் துறைமுகத்துக்காரர், அதாவது புவெனஸ் அயர்ஸ்வாசி. ஊர்ப் பெயரைச் சொல்லாமலே ஊரைச் சொல்லும் சொல்.

இவை முதலில் ஐந்து பேர் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை: பந்தோனியோன், வயலின், பியானோ, எலெக்ட்ரிக் கிதார், டபுள் பாஸ். நாம் கேட்கப்போகும் வடிவம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. லாத்வியாவில் பிறந்த வயலின் கலைஞர் கிடோன் கிரெமருக்காக, 1990களின் பிற்பாதியில், இசையமைப்பாளர் லியோனித் தெஸ்யாத்னிகோவ் இந்த நான்கையும் தனி வயலினுக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்குமாக மாற்றி எழுதினார். ஐந்து வாத்தியங்கள் போய், ஒரு வயலின் முன்னால் நிற்க, அதன் பின்னால் வயலின்களும் வயோலாக்களும் செல்லோக்களும் டபுள் பாஸ்களும். மொத்தம் ஏறத்தாழ 25 நிமிடம்.

‘மாற்றி எழுதினார்’ என்பது அடக்கமான சொல். அவர் செய்த குறும்புக்குப் பிறகு வருகிறேன்.

படி 1: வாயால் சொல்லிப் பழகுங்கள்

எதையும் ஒலிக்க விடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு காலால் சீராக நான்கு தட்டு தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு அட்சரம் என்று வைத்து, வாயால் சொல்லுங்கள்:

தகிட தகிட தக

மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு ‘த’வையும் அழுத்திச் சொல்லுங்கள். முதல் ‘த’ காலோடு சேர்ந்து விழும். இரண்டாவது ‘த’ காலின் இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே, அந்தரத்தில் விழும். மூன்றாவது ‘த’ மறுபடி காலோடு, நான்காம் தட்டில் வந்து சேரும். நடுவில் வரும் அந்த அந்தரம்தான் பியாசோலா. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு எட்டை இப்படிப் பங்கு பிரிப்பது புதிதல்ல. ஐரோப்பிய இசை மட்டுமே கேட்டவர் இந்த இடத்தில் தடுமாறுவார். நமக்கு ஒரு படி மிச்சம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தில் இந்தப் பிரிவு வரும், போகும், கணக்கு தீர்ந்ததும் வேறொன்று வரும். பியாசோலாவில் அது பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நியூயார்க்கில் சிறுவனாக இருந்தபோது யூதர்களின் திருமண வீடுகளில் கேட்ட தாளத்தின் சாயல் இதில் உண்டு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டாங்கோவின் உறவுக்காரியான மிலோங்காவிலும் இதே பிரிவு உண்டு.

ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

படி 2: முதலில் ஐவரைக் கேளுங்கள்

நேராகத் தந்திக் குழுவுக்குத் தாவிவிடாமல், பியாசோலாவின் சொந்தக் குழு வாசித்த வெரானோவை ஒருமுறை கேளுங்கள். 1970இல் புவெனஸ் அயர்ஸின் ரெஜினா அரங்கில் பதிவான கச்சேரி கிடைக்கிறது. நான்கு பருவங்களும் அதில் இருக்கின்றன. வயலின் வாசிப்பவர் அந்தோனியோ அக்ரி.

இங்கே காது கொடுக்க வேண்டியது பந்தோனியோனுக்கு. நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு: இதிலும் காற்றில் அதிரும் உலோக நாக்குகள்தாம். ஆனால் கட்டைகள் கிடையாது. இரு கைகளுக்கும் பொத்தான்கள். துருத்தியை விரிக்கும்போது ஒரு பொத்தான் தரும் சுரம் வேறு, மூடும்போது அதே பொத்தான் தரும் சுரம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் உருவாகி, கப்பலேறிப் போய், புவெனஸ் அயர்ஸில் குடியேறிவிட்ட வாத்தியம். கலைஞர் அதை முழங்காலில் போட்டு மடக்குவார். பியாசோலா நின்றபடி, ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து வாசிப்பார். மற்றவர்கள் உட்கார்ந்து வாசித்த காலத்தில் அது ஒரு திமிர்.

அந்தத் திமிர் இசையிலும் உண்டு. அனிபால் த்ரொயிலோவின் நடன இசைக் குழுவில் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் அவர். ஆடுபவர்களின் கால் தடுமாறக் கூடாது என்று, இளைஞர் எழுதிவந்த சிக்கலான சுரங்களை த்ரொயிலோ அழித்துவிடுவாராம். பின்னர் ஐரோப்பிய இசையமைப்பாளராகும் ஆசையில் பாரிஸ் போய், 1954இல் நாதியா பூலாஞ்சே என்ற ஆசிரியையிடம் தன் பெரிய படைப்புகளைக் காட்டினார். அவர் அவற்றில் பியாசோலாவைக் காணவில்லை. கூச்சத்தோடு வாசித்துக் காட்டிய ஒரு டாங்கோவில்தான் கண்டார். ஊர் திரும்பியவர் எழுதியதை டாங்கோக்காரர்கள் ‘இது டாங்கோவே இல்லை’ என்றார்கள். ஆடுவதற்கு அல்ல, உட்கார்ந்து கேட்பதற்கு என்று எழுதப்பட்ட டாங்கோ என்பதால் அவர்களுடைய கோபத்தில் நியாயமும் இருந்தது.

படி 3: ‘இது வயலினா?’ என்று தோன்றும் சத்தங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

பழைய டாங்கோ குழுக்களில் பொதுவாக டிரம்ஸ் கிடையாது. தாள வாத்தியம் செய்ய வேண்டிய வேலையை மற்ற வாத்தியங்களே பங்கு போட்டுக்கொண்டன. வயலின்காரர்கள் தங்கள் கருவியைச் சுரண்டியும் தட்டியும் கீறியும் ஒரு சத்தக் களஞ்சியமே உருவாக்கினார்கள். தெஸ்யாத்னிகோவின் வடிவத்திலும் இவை நிறைய வரும். அடையாளம் தெரியாவிட்டால் ஒலிப்பதிவில் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.

சிச்சார்ரா. ஸ்பானிய மொழியில் சிள்வண்டு. வயலினில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரக் குதிரை தெரியுமல்லவா, வில் எப்போதும் அதற்கு முன்னால்தான் ஓடும். இங்கே அதற்குப் பின்னால், தந்தி முடிகிற குட்டைப் பகுதியில், தந்தியின் மேல் நூல் சுற்றியிருக்கும் இடத்தில், வில்லின் அடிப்பகுதியை வைத்து அழுத்தி நறுக் நறுக்கென்று இழுக்கிறார்கள். சுரம் வராது. உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பதுபோல் ஒரு கரகரப்பு வரும். தாளத்தோடு கேட்டால் வெயில் காலத்து மரத்தடி.

லாத்திகோ. சாட்டை. விரல் தந்தியின் மேல் ஒரே வழுக்காக மேலேறி, உச்சியில் ‘விய்க்’ என்று அறுந்துவிடும். நம் வயலினில் ஜாரு கேட்டுப் பழகிய காது இதையும் ஜாரு என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஜாரு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரும். சாட்டை எங்கும் போய்ச் சேராது.

தம்போர். முரசு. இடக்கை விரலின் நகம் தந்தியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்க, வலக்கை விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். ‘டக்’ என்று காய்ந்த ஒலி வரும், சிறிய டிரம்மின் சாயலில்.

இவை தவிர வாத்தியத்தின் உடம்பையே விரலால் தட்டுவதும் உண்டு. லட்சக்கணக்கில் விலை போகும் செல்லோவை ஒருவர் தட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் பதறும்.

இனி அந்தப் பீரோ இழுக்கும் சத்தம். அதன் பெயர் அர்ராஸ்த்ரே, இழுப்பு. தட்டு விழுவதற்குச் சற்று முன்பே டபுள் பாஸ் வில்லைத் தொடங்கி, ஒலியைப் பெருக்கிக்கொண்டே வந்து, தட்டின் மேல் மோதும். எழுதிக் காட்டினால் வெறும் ஒரு சிறு சுரம். வாசிப்பில் அதுதான் எல்லாம். ஐரோப்பியப் பயிற்சி மட்டுமே பெற்ற குழுக்கள் பல இந்த இடத்தில் வழுக்குகின்றன: தட்டு சுத்தமாக, துல்லியமாக விழும், இழுப்பு இருக்காது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு குஸ்திக்கு வந்ததுபோல் இருக்கும். ஒரு பதிவு உங்களுக்குப் பிடிக்காமல் போனால், பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

படி 4: விவால்டியின் குளிர்காலத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. வெனிஸ் நகரத்து இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்டியின் நான்கு பருவங்கள், 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானவை. அவற்றில் குளிர்காலத்தை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். ஒரு முறைக்கு ஒன்பது நிமிடம் ஆகும். தொடக்கத்தில் தந்திகள் ஒரே சுரத்தை வெடவெடவென்று திரும்பத் திரும்ப வாசிக்கும், குளிரில் நடுங்கும் உடல். சற்றுப் பிறகு பற்கள் கிடுகிடுக்கும். இப்படிச் சொல்வது என் கற்பனை இல்லை. பருவங்களோடு சேர்த்து அச்சான கவிதைகளிலேயே இருக்கிறது.

இனி தெஸ்யாத்னிகோவின் குறும்பு. புவெனஸ் அயர்ஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே டிசம்பர், ஜனவரி என்றால் வியர்வை, ஜூலையில்தான் குளிர். வெனிஸில் பனி பெய்யும் மாதம் புவெனஸ் அயர்ஸில் கோடை. ஆகவே பியாசோலாவின் கோடைக்குள் அவர் விவால்டியின் குளிர்காலத்தைத் துண்டு துண்டாகச் செருகினார். டாங்கோ கொதித்துக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு கீற்று வெனிஸ் குளிர் உள்ளே நுழையும், உடனே வெப்பம் அதை விழுங்கிவிடும். முதல் தடவை அதை நான் தவறவிட்டேன். இரண்டாம் தடவை சிரித்துவிட்டேன்.

கிரெமர் இந்த நகைச்சுவையை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார். எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா நாடுகளின் இளம் கலைஞர்களைச் சேர்த்து 1997இல் அவர் தொடங்கிய கிரெமராட்டா பால்டிகா குழுவோடு, விவால்டியையும் பியாசோலாவையும் ஒன்று விட்டு ஒன்றாக வாசித்து, ‘எட்டுப் பருவங்கள்’ என்ற பெயரில் பதிவாக்கினார். 2000ஆம் ஆண்டு வந்தது. பருவத்தை நான்காகப் பிரிப்பதே நமக்கு இரவல் கணக்கு; தொல்காப்பியத்தில் ஆறு. ஆகையால் எட்டு என்றால் நாம் திடுக்கிட வேண்டியதில்லை.

படி 5: கேட்கும் வரிசை

நான்கையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் இரவு வெரானோ மட்டும். ஆறேழு நிமிடம். படி 1இல் பழகிய தகிட தகிட தகவைச் சொல்லிக்கொண்டே கேளுங்கள். நடுவில் தாளம் கரைந்து வயலின் தனியாகப் பாட ஆரம்பிக்கும், அங்கே விட்டுவிடுங்கள். அது எண்ணுகிற இடம் இல்லை. மறுபடி அடி திரும்பும்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் இரவு இன்வியெர்னோ. நான்கில் மிக நிதானமானது, முதல் முறை கேட்கும்போதே மனத்தைத் தொடுவது. இதன் முடிவை மட்டும் கூர்ந்து கேளுங்கள். அதுவரை இருந்த இருட்டு விலகி, மென்மையான ஒரு சுர வரிசை படிப்படியாக இறங்கத் தொடங்கும். எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும்: ஜெர்மானியரான பாஹெல்பெலின் புகழ்பெற்ற கேனன், கல்யாண மண்டபங்களில்கூட இப்போது ஒலிக்கிறதே, அதன் சாயல். இதை தெஸ்யாத்னிகோவ் சேர்த்தார் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு ஐவர் குழுவின் பதிவைக் கேட்டபோது அங்கேயே இருந்தது! பழைய ஐரோப்பா பியாசோலாவின் வீட்டில் ஏற்கெனவே குடியிருந்திருக்கிறது. தெஸ்யாத்னிகோவ் விவால்டியை அழைத்துவந்தது திறந்த கதவின் வழியாகத்தான்.

மூன்றாவது ஒத்தோஞோ. சிள்வண்டுச் சத்தம் இதில் நன்றாகப் பிடிபடும். நடுவில் செல்லோவுக்கு ஒரு நீண்ட தனி ஆவர்த்தனம்போல இடம் விட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்கும் வயலின் கலைஞர் அந்த நேரம் சும்மா நின்று கேட்க வேண்டியதுதான். பதிவுக்குப் பதிவு பெரிதும் மாறும் இடம் இது. இரண்டு குழுக்களின் செல்லோக்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு மாலை போய்விடும்.

கடைசியாகப் பிரிமவேரா. தொடக்கத்திலேயே ஒரு குரல் ஓடும், அதே சொல்லோடு இன்னொன்று துரத்தும், பிறகு மூன்றாவது. பாஹ் காலத்து ஃபியூக் முறை, டாங்கோவின் செருப்பைப் போட்டுக்கொண்டு. ஹெட்போனில் கேட்டால் குரல்கள் இடமும் வலமும் மாறுவது தெரியும். முதல் மூன்றும் பழகாமல் இதைக் கேட்டால் வெறும் இரைச்சலாகப் போகக்கூடும் என்பதால்தான் கடைசியில் வைத்தேன்.

ஐந்தாம் இரவு நான்கையும் சேர்த்துக் கேட்கலாம். வரிசை குழுவுக்குக் குழு மாறும். பியாசோலா இவற்றை ஒரே தொகுப்பாக எழுதத் தொடங்காததால், எந்த வரிசையும் தவறில்லை.

வயலின் வைத்திருப்பவருக்கு

தெஸ்யாத்னிகோவின் தனி வயலின் பகுதியை வாங்கி வைத்துக்கொண்டு முட்டி மோதாதீர்கள். அது கச்சேரிக் கலைஞருக்கு எழுதப்பட்டது. பியாசோலாவின் செல்லோ கலைஞர் ஹோசே பிரகாத்தோ செய்த பியானோ, வயலின், செல்லோ மூவர் வடிவமும் எளிதல்ல. ‘ஒப்லிவியோன்’ என்ற மெதுவான மெட்டிலிருந்து தொடங்குங்கள்: நீண்ட சுரங்கள், நீண்ட வில், அவசரமே கிடையாது. அது கைக்கு வந்ததும் ‘லிபர்தாங்கோ’, அதில் தகிட தகிட தக நேரடியாக இருக்கும்.

சிச்சார்ராவை மட்டும் இன்றே முயன்று பார்க்கலாம். தடித்த தந்திக்கு அடுத்த தந்தி. குதிரைக்குப் பின்னால், நூல் சுற்றிய இடம். வில்லின் அடிப்பகுதி, சிறு சிறு இழுப்பு. வில்லை அழுத்துங்கள், குதிரையை அல்ல; அது சாய்ந்தால் செலவு உங்களுடையது. முதலில் கீச்சென்று ஒரு சுரம் வரும், அது தவறு. இன்னும் சற்றுப் பின்னால் போங்கள். கரகரப்பு மட்டும் மிஞ்சும் இடம் கிடைக்கும். கிடைத்ததும் மூன்று மூன்று இரண்டாக இழுத்துப் பாருங்கள். முடிந்ததும் தந்தியில் ஒட்டிய ரோசின் தூளை மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள்.

நேரில் கேட்க வாய்த்தால்

வயலின் கலைஞரின் விரல் தெரிய வேண்டும் என்று எல்லோரும் இடப்பக்கம் டிக்கெட் தேடுவார்கள். நீங்கள் வலப்பக்கம் எடுங்கள். டபுள் பாஸ்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். தட்டு விழுவதற்கு அரைக் கணம் முன்னால் அந்த வில் நகரத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.